பூட்ஸ் எங்கே கடிக்கிறது? அதைப் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கடையில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன். மாட்டுத்தோல், பழுப்பு நிறம், கணுக்காலுக்கு மேல் நான்கு விரல் உயரம், கயிறு கட்டுகிற வகை. தினமும் பைக்கில் அறுபது கிலோமீட்டர் போய்வருகிறவனுக்கு அப்படி ஒன்று தேவைப்பட்டது. காலை பத்து மணிக்குக் கடையில் போட்டுப் பார்த்தபோதே இறுக்கமாகத்தான் இருந்தது. "தோல்தானே சார், போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்றார் விற்பவர். மூன்றாம் நாள் மாலை வலது சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் வந்துவிட்டது. இடது காலில் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியிருந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். தோல் விட்டுக்கொடுக்கும், எந்தத் தோல், எந்தப் பக்கம், எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டிலேயே பூட்ஸைத் தளர்த்த எத்தனையோ வழிகள் சொல்லப்படுகின்றன. ஃப்ரீசரில் வை, ஹேர் டிரையர் பிடி, எண்ணெய் போடு, நனைத்துப் போட்டுக்கொண்டு நட. சிலவற்றை என் பூட்ஸிலேயே செய்தேன். சிலவற்றைப் பழைய ஷூக்களில் செய்து பார்த்தேன். எது யாருக்குப் பொருந்தும் என்பதில் இப்போது எனக்குத் தெளிவு உண்டு.

முதலில் ஒன்று: பூட்ஸ் கடித்தால் குறை காலில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஷூ தைப்பவர்கள் 'லாஸ்ட்' என்று சொல்லும் கால் வடிவ அச்சின்மேல்தான் தோலை இழுத்துத் தைக்கிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு ஐரோப்பியக் காலுக்கான அச்சில் பிறந்தது. நம் கால்கள் விரல் பகுதியில் அதைவிட அகலம். சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. அந்த அளவீடும் இதையே காட்டியது; 'பா' என்ற பெயரில் இந்தியக் கால்களுக்கான தனி அளவு முறை முன்வைக்கப்பட்டதும் அதன் தொடர்ச்சிதான். அகலம் போதாத குறைக்கு நம்மில் பலர் ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறோம். விரல்களுக்கு இடம் கிடைக்கிறது, குதிகால் கழன்று கழன்று தேய்கிறது. கொப்புளம் முன்னாலிருந்து பின்னால் போனதுதான் மிச்சம்.

நமக்குக் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. ஆங்கிலேய அளவு முறையில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் 8.5 மில்லிமீட்டர் வித்தியாசம். அகலத்தில் ஒரு படி ஏறினால், விரல் மூட்டுகளைச் சுற்றிய அளவு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். இந்த இரண்டாவது அளவை, அதாவது அகலத்தில் ஒரு படியை, நல்ல தோல் பூட்ஸிலிருந்து வீட்டிலேயே வாங்கிவிடலாம். நீளத்தில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. விரல் முனையிலும் குதிகாலிலும் தோலுக்குள்ளே கெட்டியான அட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அடியில் சோல் இருக்கிறது. அவை நீளாது.

ஆகவே தளர்த்துவதா, திருப்பிக் கொடுப்பதா என்பதே முதல் கேள்வி. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வழக்கமாகப் போடும் சாக்ஸோடு பூட்ஸைப் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் யோசிக்கவே வேண்டாம், அது அளவு தவறிய பூட்ஸ். இடிக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பக்கவாட்டில் சதை சில மில்லிமீட்டர் வெளியே வழிந்தால் தளர்த்திச் சரிசெய்யலாம். விரல்கள் முழுசாக ஓரத்தைத் தாண்டி நின்றால் அந்தப் பூட்ஸோடு போராட வேண்டாம். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். என்னிடம் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். சோலில் மண் பட்ட பிறகு நானும் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையில் இனி வரும் எந்த வழியையும் தங்கள் காலில் சோதிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நெடுநாள் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்துபோகிறது. கடிப்பதே தெரியாமல் கடித்துப் புண்ணாகி, அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும் நிலைக்குப் போனவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாங்கும்போதே இடம் தாராளமாக உள்ள காலணி வேண்டும். மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி தோலுக்கு வருவோம். தோலுக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஈரம் ஏறினால் அவை இளகி ஒன்றின்மேல் ஒன்று நழுவும். அந்த நேரத்தில் இழுத்துப் பிடித்து, இழுத்த நிலையிலேயே உலரவிட்டால் புது வடிவத்தில் நின்றுவிடும். தொழிற்சாலையில் அச்சின்மேல் இழுத்து நிறுத்துவதும் இதே தத்துவம்தான். ஈரம், இழுவை, உலரும் வரை பொறுத்தல் என்ற மூன்றும் கூடினால் தோல் பணியும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு இளகினதுபோல் இருந்து மறுநாள் பழைய நிலைக்குத் திரும்பும். எந்த வழியைக் கேள்விப்பட்டாலும் இந்த மூன்றையும் அது எப்படித் தருகிறது என்று பார்த்தாலே போதும்.

இது அசல் தோலுக்கு மட்டும். ரெக்ஸின், பியூ என்று விற்கப்படும் செயற்கைத் தோல் இழுத்தால் போகும், விட்டால் திரும்பி வரும். கூடுதலாக இழுத்தால் மேல்பூச்சு வெடிக்கும். கண்ணாடிபோல் பளபளக்கும் பேட்டன்ட் தோலும் வெடிக்கும் ரகமே. உள்ளே நீர்புகாச் சவ்வு வைத்த மலையேற்றப் பூட்ஸில் சவ்வு கிழியும் அபாயம் இருப்பதால் பலமாக இழுக்கக் கூடாது.

ஒன்றும் செலவில்லாத வழி, போட்டுப் போட்டே பழக்குவது. தடித்த சாக்ஸ் ஒன்று, தேவைப்பட்டால் இரண்டு போட்டுக்கொண்டு முதல் நாள் அரை மணி நேரம், அடுத்த நாள் முக்கால் மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஈரத்துக்குக் கால் வியர்வை இருக்கிறது. இழுவையைக் காலே தருகிறது. எந்த இடம் தளர வேண்டுமோ அந்த இடம் மட்டும் தளர்வது இதன் பெரிய நன்மை. எந்தக் கருவியாலும் அவ்வளவு துல்லியமாக இழுக்க முடியாது. 'வெல்ட்' என்ற பட்டையை ஓரத்தில் வைத்துச் சோலைத் தைத்த பூட்ஸாக இருந்தால் இன்சோலுக்கு அடியில் பெரும்பாலும் கார்க் நிரப்பியிருப்பார்கள். அதுவும் மெல்ல அமுங்கிப் பாதத்தின் தடத்தை வாங்கிக்கொள்ளும். அந்தச் சுகத்தை வேறு எந்த வழியும் தராது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தடை உண்டு. செருப்புக் காலோடு வீட்டுக்குள் நடக்க யாரும் விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். சோல் அழுக்காவதற்கு முன்பே தொடங்கிவிட்டால் பழைய பாயை விரித்து அதில் நடக்கலாம், பூட்ஸ் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பும் கெடாது. அது தவறிவிட்டதால் நான் மொட்டை மாடியில் நடந்தேன். பத்து நாளில் பொதுவான இறுக்கம் போனது. புறங்கால் நன்றாக விட்டுக்கொடுத்தது. சுண்டுவிரல் ஓரமும் பெருவிரல் மூட்டும் மட்டும் அசையவில்லை. இந்த வழியின் எல்லை அதுதான்: மொத்தமாக லேசாக இறுகும் பூட்ஸுக்கு இதைவிட நல்லது இல்லை; எலும்பு புடைத்த இடத்தில் அழுத்தும் பூட்ஸை இப்படிப் பழக்கினால் தோலுக்கு முன்னால் கால் தோற்றுவிடும்.

புறங்கால் மட்டும் இறுகுகிறது என்றால் தளர்த்தவே தேவையில்லாமல் போகலாம். வலிக்கிற இடத்துக்கு நேராக உள்ள ஓட்டைகளில் கயிற்றைக் குறுக்கே போடாமல், அதே பக்கத்தில் மேலே ஏற்றிவிட்டு அதற்கு அடுத்த ஓட்டையில் குறுக்கே கொண்டுபோங்கள். அங்கே அழுத்தம் நின்றுவிடும். தடித்த இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்று வைத்தாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்து பார்க்காமல் தோலை இழுக்கப் போவது வீண் சிரமம்.

என் பூட்ஸைக் கடைசியில் சரிசெய்தது மரக்கட்டை. இரண்டாகப் பிளந்த கால் வடிவக் கட்டை, பின்னால் ஒரு திருகுக் கம்பி. பிடியைத் திருகினால் பிளவு அகலும். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் இணையத்தில் வாங்கினேன். வாங்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். நீளத்துக்கு ஒரு திருகு, அகலத்துக்கு ஒரு திருகு என்று இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். நீளத் திருகு கட்டையைப் பூட்ஸுக்குள் அசையாமல் நிறுத்துவதற்கு மட்டும்தான். அடுத்தது, கட்டையில் சிறு துளைகளும் அவற்றில் பொருத்தும் குமிழ்களும் இருக்க வேண்டும். அந்தக் குமிழ்தான் உயிர். சுண்டுவிரல் ஓரத்திலும் பெருவிரல் மூட்டிலும் தனியாக அழுத்தம் கொடுப்பது அதுதான். அது இல்லாத கட்டை பூட்ஸை முழுவதுமாக அகட்டி, சரியாக இருந்த இடத்தையும் தொளதொளப்பாக்கும். உயரமான பூட்ஸாக இருந்தால் பிடி நீண்டு வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். ஷூவுக்கான குட்டைக் கட்டையைப் பூட்ஸுக்குள் விட்டால் கையை நுழைத்துத் திருக முடியாது.

செய்த விதம் இது. பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வலிக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து வெளியே சாக்பீஸால் வட்டமிட்டேன். பிறகு கழற்றி, ஐசோபுரோபில் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, அந்த இடத்தில் உட்புறமாகத் தெளித்தேன். தண்ணீர் இழையை இளக்கும். தனித் தண்ணீரைவிடக் கலவை சீக்கிரம் ஊறும், சீக்கிரம் உலரும். மருந்துக்கடைச் சரக்குதான். தோலுக்கென்று விற்கும் தளர்த்தும் ஸ்பிரேயும் இதே வேலையைச் செய்வது. சில சாயங்களை ஆல்கஹால் கரைத்துவிடும் என்பதால் கயிற்றுக்கு அடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் தெளிக்கக் கூடாது. தெளிக்கும்போது பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

குமிழைப் பொருத்தி, கட்டையை உள்ளே விட்டு, தோல் விறைக்கும் வரை திருகினேன். அதற்கு மேல் அரைச் சுற்று, அவ்வளவுதான். மறுநாள் காலை இன்னொரு அரைச் சுற்று. இரண்டு இரவு கழித்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். வலது கால் சரியாகிவிட்டது. இடது காலுக்கு நான்கு இரவு பிடித்தது. கட்டையை எடுத்ததும் தோல் சிறிது பின்வாங்கும் என்பதால், தேவையானதைவிட ஒரு நூல் கூடுதலாக அகட்டியிருந்தேன். அவசரப்பட்டு ஒரே இரவில் நாலைந்து சுற்று திருகினால் தையல் ஓட்டைகள் வாய்பிளக்கும், சோலுக்கும் அப்பருக்கும், அதாவது மேல்பாகத் தோலுக்கும், இடையில் இடைவெளி விழும். விழுந்தால் அதைத் திரும்பச் சேர்க்க வீட்டில் வழியில்லை. உலர்ந்ததும் தோலுக்கான கண்டிஷனர் கொஞ்சம் தடவ வேண்டும், ஆல்கஹால் தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

ஃப்ரீசர் வழியைப் பலரும் பரிந்துரைப்பதால் ஒரு பழைய ஷூவில் செய்தேன். கெட்டிப் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, ஷூவுக்குள் திணித்து, இரவு முழுவதும் உறையவிடுவது. தண்ணீர் உறையும்போது கன அளவில் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். கணக்கு சரிதான். ஆனால் அரை லிட்டர் தண்ணீர் பெருகும் அந்த 45 மில்லிலிட்டர், தோலைத் தள்ளித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. எங்கே தடை குறைவோ அங்கே போகும். ஷூவின் திறந்த வாய் பக்கம் பை புடைத்து நின்றது. விரல் ஓரத்தில் மாற்றம் தெரியவில்லை. தோலுக்கு ஈரமும் இல்லை, இழுத்த நிலையில் உலரும் நேரமும் இல்லை. பை கசிந்தால் உள் அட்டை ஊறிக் கெட்டுவிடும். சாப்பாடு வைக்கும் இடத்தில் செருப்பை வைப்பது பற்றி வீட்டில் உள்ளவர்கள் சொன்னதும் நியாயமே.

ஹேர் டிரையர் வழி வேலை செய்யும், அதனால்தான் அதைப் பற்றிக் கூடுதலாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தடித்த சாக்ஸோடு பூட்ஸைப் போட்டுக்கொண்டு, இறுகும் இடத்தில் சூட்டுக்காற்றைப் பிடித்து, விரல்களை அசைத்து, ஆறும்வரை கழற்றாமல் இருப்பது. ஒரே மாலையில் பலன் தெரியும். என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. இன்றைய பூட்ஸ்களில் பெரும்பாலானவை பசையால் சோல் ஒட்டியவை, அந்தப் பசை சூட்டில் இளகும். மேல்பூச்சு வறண்டு பிளவு விடும். ஈரமும் சூடும் சேர்வது இன்னும் மோசம். நனைந்த தோல் ஒரு சூட்டுக்கு மேல் போனால் விரிவதற்குப் பதிலாகச் சுருங்கிவிடும்: மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு அந்த எல்லை 70 முதல் 85 டிகிரி செல்சியஸ், குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலுக்கு 100 டிகிரியை ஒட்டி. நம் ஊரில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டது முதல் வகை. இன்று ஷூ அப்பருக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது. வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் தோல். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கலாம், அதற்குச் சூடே காட்டாதீர்கள். விழாவுக்கு நாளைக்கே போட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும், உலர்ந்த குரோம் தோலில், கை பொறுக்கும் சூட்டில், ஒரு இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே பிடிக்கலாம். நான் என் பூட்ஸுக்குச் செய்யவில்லை.

முழுவதும் நனைத்து, உலரும்வரை போட்டுக்கொண்டே நடப்பது படைவீரர்களிடமிருந்து வந்த பழக்கம். மூன்று விதிக்கும் அது பொருந்துகிறது, தோலும் பணியும். ஆனால் உள் அட்டை ஊறும், சோலின் நடுவில் வைத்த இரும்புத் தகடு துருப்பிடிக்கும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், பூட்ஸ் உலர்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். ஈரச் செய்தித்தாளைத் திணிப்பதற்கும் இதே குறை உண்டு. தாள் உலரும்போது தானும் சுருங்குவதால் இழுவையும் நிற்காது.

எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதுத் தோல் செருப்பு கடித்தால் என் பாட்டி விளக்கெண்ணெய் தடவிக் கொடுப்பார். வார்ச் செருப்புக்கு அது அருமையான வைத்தியம்: வாரின் ஓரம் மிருதுவாகும், உராய்வு குறையும். பூட்ஸிலும் குதிகாலின் பின்விளிம்பு அறுத்தால், அந்த விளிம்பில் மட்டும் சில சொட்டு தேய்த்து விரலால் மடக்கி மடக்கிப் பழக்கலாம். ஆனால் எண்ணெய் தோலை அகலமாக்காது. ஊறவிட்டால் நிறம் நிரந்தரமாகக் கறுக்கும், பசையும் விடும். மெத்தென்ற ஸ்வேட் (suede) தோலில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது.

செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பது வீட்டு வழி இல்லை என்றாலும், கட்டை வாங்குவதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதுதான். ஒரே ஒரு ஜோடிக்காக என்றால் அவரிடம் போவது மலிவு. முட்டி உயரப் பூட்ஸில் ஆடுதசைப் பகுதி இறுகினால் அவரிடம்தான் போக வேண்டும். பக்கவாட்டில் பிரித்து எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைப்பது அவரால் மட்டுமே ஆகும். விரல் முனையில் இரும்புத் தொப்பி வைத்த தொழிற்சாலைப் பூட்ஸை அவரிடமும் கொடுக்க வேண்டாம். இரும்பு விரியாது. அதை வெட்டினாலோ தட்டினாலோ அது காக்க வேண்டிய விரலையே அது நசுக்கும். அகலமான அளவைக் கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை.

கட்டை வாங்கிய செய்தி தெரிந்து, பக்கத்து வீட்டுப் பெண் தன் என்.சி.சி. பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாள் அணிவகுப்பு. போட்டுக்கொண்டு எங்கள் மாடிப்படியில் இறங்கச் சொன்னேன். மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டாள். "விரல் முன்னால் இடிக்கிறது மாமா" என்றாள். கட்டையைக் கொடுக்கவில்லை. காலையில் கொஞ்சம் முன்னதாகவே போய் அடுத்த எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன்.